ஆணியில் தொங்கிய சங்கு

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு இன்றைக்கும் கை ஓடாது. எனக்கு எழுபது தாண்டியாகிவிட்டது. அவளும் எங்கோ பேரன் பேத்தியோடு சௌக்கியமாக இருக்கிறாள். இன்னும் எதற்கு இந்த வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். நாற்பது வருஷமாகக் கூடவே இருக்கிற எரிச்சல், திடீரென்று வெளியே போ என்றால் எங்கே போகும்?

ஒரு ஆணிக்காக வந்த எரிச்சல் அது. தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், வாசலில் கால் வைத்ததும் நேரே கண்ணில் படுகிற கூடத்துச் சுவரில் ஒரு பெரிய ஆணி இருந்தது. அதில் தொங்கிய கடிகாரம் ரிப்பேருக்குப் போனது, போனதுதான். ஒரு வருஷமாக ஆணி வெறுமனே துருத்திக்கொண்டு நின்றது. அதில் நான் வரைந்த படம் ஒன்று தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சின்ன ஆசைதான். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் டீச்சர் நான். அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறியவள். ஊர்ப் பெண் குழந்தைகளுக்கெல்லாம் பூசணிக்காயும் கூஜாவும் நிழலோடு வரையச் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சொந்த வீட்டில் ஒரு ஆணி கிடைக்கவில்லை.

ஆணியில் எது தொங்கலாம் என்று தீர்மானிக்கிறவர் என் மாமனார். தாமிரபரணிக் கரையில் பெருமாள் கோயில் ஊர் ஒன்றில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று எங்களோடு வந்திருந்தவர். பாட்டு, புடவைக் கரை, வெண்டைக்காய், எதுவானாலும் அவர் "பேஷ்" என்றால் வீடு பேஷ் என்னும். அவர் மூக்கைச் சுருக்கினால் அது அன்றோடு முடிந்தது. எனக்கும் அதே ஊர்தான். என் அப்பா அந்தக் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு மடப்பள்ளிப் பெண் மருமகளாக வந்தது பெருமாள் கடாட்சம் என்று என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனார் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. அவர் சாப்பிடுகிறபோது மட்டும் என்னைப் புகழுவார்.

என் கணவர் மூத்தவர். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஒன்றில், கப்பலில் ஏறுகிற மூட்டைகளுக்குக் கணக்கு வைக்கிற குமாஸ்தா. இளையவர் என்ஜினீயர். புதுத் துறைமுகம் வந்த சமயம் அது. அவருக்கு அங்கே பெரிய உத்தியோகம், குவார்ட்டர்ஸ், ஜீப். அவர் பெண்டாட்டிதான் என் ஓரகத்தி. மெட்ராஸில் பெரிய டாக்டரின் பெண். கான்வென்டில் படித்து, ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரியிடம் ஆயில் பெயின்டிங் கற்றுக்கொண்டவள். ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தையாபுரம் வழியாகப் புழுதி கிளப்பிக்கொண்டு ஜீப் வந்து எங்கள் வாசலில் நிற்கும். அவள் இறங்கி வருகிற நடையிலேயே தெருவில் நாலு வீட்டு ஜன்னல் திறக்கும். மன்னி, மன்னி என்று என்னிடம் ஒட்டிக்கொள்வாள். கர்வம் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதுவும் இல்லை அவளுக்கு.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் நான் ஒரு சங்கு வரைந்தேன். பீச் ரோட்டுப் பக்கம் சங்கு மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி ஒன்றில் தரம் பிரிக்கிற அண்ணாச்சியின் மகள் என்னிடம் படித்தாள். பரீட்சை டிராயிங்கில் அவளைக் கரையேற்றியது நான் என்று அவருக்கு நம்பிக்கை. கேட்டதும் ஒரு பெரிய சங்கை எடுத்துத் தந்தார். வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போக வேண்டியது, வாயோரத்தில் பூச்சி அரித்து மூன்று துளை விழுந்திருந்ததால் ஒதுக்கிவிட்டார்கள். கொட்டாங்கச்சியில் மணலை நிரப்பி, கூரான வால் முனை மேலே இருக்கும்படி அதை நட்டு வைத்து, பென்சிலால் வரைய ஆரம்பித்தேன்.

வெள்ளையை வெள்ளைக் காகிதத்தில் கொண்டுவருவது லேசில்லை. வாயோரம் உள்ளே திரும்பி மடிகிற வளைவு ஒன்று இருக்கிறது. அந்த ஒரு கோட்டுக்கு இரண்டு மத்தியானம் போயிற்று. நாலு தரம் அழித்தேன். ஐந்தாம் தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்தேன். வந்துவிட்டது. கூடத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆணிக்குக் கீழே சுவரோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது மாமனார் கையில் கொடுத்தேன். கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். சங்குதானே, என்றார். ஆமாம் என்றேன். வெறும் பென்சில்தானா, கலர் கிடையாதா என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உன் கை தளிகைக்குன்னு பொறந்த கை. அதை எதுக்கு இதுல வீணடிச்சுண்டு?" என்றார். என் கணவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் நல்ல வார்த்தையாக நினைத்துத்தான் சொன்னார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஓரகத்தி மட்டும் சிரிக்காமல் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிதாபப்படுகிறாளாக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை நான் எடுத்துண்டு போகட்டுமா மன்னி என்று கேட்டாள். காகிதம்தானே, தாராளமாக எடுத்துக்கோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மூன்று மாசம் கழித்து மாமனாருக்கு எழுபதாவது திருநட்சத்திரம், பிறந்த நாள், வந்தது. ஆயிரம் வேலை. நான் விடியற்காலை முதல் அடுப்படியில் நின்றேன். ஓரகத்தி பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்தாள். பின்னால் இன்னொரு காரில் துறைமுகத்துப் பெரிய அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும். ஜீப்பிலிருந்து துணி சுற்றிய பெரிய சட்டம் ஒன்று இறங்கியது. துணியை எடுத்ததும் கூடம் மொத்தமும் ஹா என்றது.

ஆயில் பெயின்டிங். சிவப்புப் பட்டு விரித்து, மேலே பளபளக்கிற பித்தளைச் சொம்பு, சொம்பின் வாயில் நிமிர்ந்து நிற்கிற ஒரு வெண்சங்கு. பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு. பின்னால் நீலமாக நம் கடல். அதிகாரியின் மனைவி கிட்டே போய்ப் பார்த்துவிட்டுக் கையைக் கூப்பினாள். "அடடா, வலம்புரியா போட்டிருக்கே."

வாலை மேலே வைத்துப் பிடித்தால் சாதாரணச் சங்குக்கு வாய் இடது பக்கம் திறக்கும். வலம்புரிக்கு வலது பக்கம். லட்சத்தில் ஒன்று கிடைக்கும் என்பார்கள், கிடைத்தவன் வீட்டில் பூட்டி வைத்துப் பூஜை பண்ணுவான். இந்தச் சங்குக்கு வாய் வலது பக்கம் இருந்தது வாஸ்தவம். பெரிய இடத்து வாயிலிருந்து வார்த்தை விழுந்ததும், கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எழுபதாவது திருநட்சத்திரத்தன்று வலம்புரி வீட்டுக்கு வந்திருக்கிறதே என்று மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கணவர்தான் ஸ்டூல் போட்டு ஏறி அந்த ஆணியில் அதை மாட்டினார். நான் தளிகை உள் வாசற்படியில், கையில் கரண்டியோடு நின்றேன்.

ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. வலம்புரியும் இல்லை, கிலம்புரியும் இல்லை. டிரேஸ் எடுக்கிறபோது நடக்கிற தப்பு. எண்ணெய்க் காகிதத்தில் பென்சிலால் படி எடுத்து, அப்படியே கவிழ்த்துத் தேய்த்தால் இடது வலதாகிவிடும். காகிதத்தின் பின்பக்கம் கரியைத் தடவிவிட்டு மேலிருந்து எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வருஷா வருஷம் செய்கிற தப்பு, வருஷா வருஷம் நான் மார்க் குறைக்கிற தப்பு. எந்தச் சீமைப் புஸ்தகத்திலிருந்து படி எடுத்தாளோ என்று நினைத்துக்கொண்டேன். ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்தாள்.

நான் அதே தப்பைச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? பாவம், அடுப்படி ஞாபகத்தில் திருப்பிப் போட்டுட்டா என்றிருப்பார்கள். அவள் செய்தால் பெருமாள் கடாட்சம். அன்று நான் பண்ணிய புளியோதரையை எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. தெருவிலிருந்தும் கோயிலிலிருந்தும் வலம்புரி பார்க்க என்று மாமிகள் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் நான் காப்பி கலக்க வேண்டும். துறைமுகத்து என்ஜினீயர் ஆத்துக்காரி போட்டது என்று மாமனார் ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்லுவார், அதற்கப்புறம்தான் அவர்கள் படத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பூக்காரியிடம் ஒரு முழம் கூடுதலாக வாங்கச் சொன்னார். அந்த முழத்தைப் படத்துக்குச் சார்த்துகிற வேலையும் என் தலையில் விழுந்தது. சார்த்தினேன். ஸ்டூலில் ஏறி நிற்கும்போது மூக்குக்கு நேரே அந்தச் சங்கு இருக்கும். பார்க்கக் கூடாது என்று கண்ணை இடுக்கிக்கொள்வேன்.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் அந்தப் படத்தை நான் கிழித்த கிழியில் மற்ற டீச்சர்கள் அதைப் பார்க்காமலே வெறுத்தார்கள். கோட்டை மறைக்க வண்ணத்தைத் திருட்டுத்தனமாக அப்பியிருக்கிறாள் என்றேன். விளக்குச் சுடரின் வெளிச்சம் சங்கின் மேல் விழவே இல்லை என்றேன், அது நிஜம். கோட்டில் உயிரில்லை, அதிலும் வாயோரம் மடிகிற அந்த வளைவு இருக்கிறதே, கை நடுங்குகிறவள் போட்டது என்றேன். ஒரு நாள் என் கணவரிடமும் இதையெல்லாம் கொட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, உனக்குப் பொறாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பொறாமைதான். அதற்காகச் சங்கு சரியாகத் திரும்பிவிடுமா?

நான் சொன்னால் எடுபடாது, சங்கு தெரிந்தவன் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். கிட்டங்கி அண்ணாச்சியை, வாங்கிய சங்கைத் திருப்பித் தருவதாகச் சாக்கு வைத்து, ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். முப்பது வருஷமாகத் தினம் நூற்றுக்கணக்கில் சங்கைப் புரட்டிப் பார்க்கிற மனிதர். கையில் எடுத்தாலே, கடலடியில் எந்தப் பார்த்திட்டில் எடுத்த சங்கு, எத்தனை வளையல் தேறும் என்று சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து ஒரு "தப்பு" விழுந்தால் போதும். அது மாமனார் காதிலே விழ வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். மாமனார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, யார் போட்டது என்றுகூடச் சொல்லாமல், எப்படியிருக்கிறது எங்காத்து வலம்புரி என்று கேட்டார். அண்ணாச்சி கிட்டே போனார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நல்ல சங்கு ஐயா, லட்சணமா இருக்கு என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டார். மாமனார் என்னைப் பார்த்து, கேட்டியோ என்பது மாதிரி தலையை ஆட்டினார்.

வாசல் வரைக்கும் அண்ணாச்சியோடு போனேன். அது திரும்பிப்போன சங்கு என்று உங்களுக்குத் தெரியாதா, என்ஜினீயருக்குப் பயந்துதானே பேசாமல் வந்தீர்கள் என்று கேட்டேன்.

அண்ணாச்சி செருப்பை மாட்டாமல் நின்றார். "எஞ்சினீயரு யாருன்னே எனக்குத் தெரியாது டீச்சர். தப்புன்னு பாத்ததும் தெரிஞ்சிட்டு. ஆனா நீங்க போட்ட படத்தை உங்க வீட்டுப் பெரியவர் முன்னால வச்சுத் தப்புன்னு எப்படிச் சொல்லுதது? எம் மவள கரையேத்தி விட்டவுகல்லா நீங்க."

நான் போட்டதில்லை, என் ஓரகத்தி போட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை. "நான் தந்த சங்குல்லா அது. வாயோரத்துல மூணு பூச்சித்துள இருக்கு பாருங்க. ரெண்டு சேந்தாப்ல, ஒண்ணு தள்ளி. அந்தச் சங்க உங்ககிட்டதான தந்தேன்?"

நான் திருப்பிக் கொடுத்த சங்கை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு சேர்ந்தாற்போல, ஒன்று தள்ளி.

உள்ளே வந்தேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். முதல் தடவையாகக் கண்ணை இடுக்காமல் பார்த்தேன். வலதை மனசுக்குள் இடதாக்கிப் பார்த்தேன். பட்டும் சொம்பும் விளக்கும் விலகிப்போயின. நான் நாலு தரம் அழித்து, மூச்சைப் பிடித்து இழுத்த வளைவு, வண்ணத்துக்கு அடியில் ஒரு மயிரிழை பிசகாமல் அப்படியே இருந்தது. கை நடுங்குகிறவள் போட்டது என்று நான் ஊர் முழுக்கச் சொன்ன கோடு. மூன்று மாசமாக வாரம் தவறாமல் அதற்கு நானே பூச்சார்த்தி, நானே அதைப் பார்க்காமல் இறங்கியிருக்கிறேன். அவள் பெயரைச் சொன்னதும் இவர்களுக்குக் கண் திறந்தது என்றால், அதே பெயரைக் கேட்டதும் எனக்கு மூடிப்போயிற்று. இதில் யாரை நான் குற்றம் சொல்லுவது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஓரகத்தி வந்ததும் அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். மறுப்பாள், மறுத்தால் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் மறுக்கவில்லை.

"உங்க கோடு எனக்கு வராது மன்னி. பத்து தரம் போட்டுப் பாத்தேன். அப்பறம்தான் டிரேஸ் எடுத்தேன், அதையும் கவுத்துப் போட்டுட்டேன். அன்னிக்கே எல்லார் முன்னாலயும் சொல்லணும்னுதான் வந்தேன். அந்த மாமி வலம்புரின்னுட்டா. அதுக்கப்பறம் வாய் வரலை."

சொல்லிவிட்டு அழுதாள். அழும்போதும் அழகாக இருந்தாள். எனக்கு வராத ஒன்று அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது பாருங்கள், தப்பை ஒப்புக்கொண்டும் சின்னவளாகாமல் நிற்கிற தைரியம். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் ஊறியது. சொல்லப்போகிறாள். கூடத்தில், மாமனாரிடம், தன் வாயால். ஆணி கடைசியில் எனக்குத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள். அவள் புருஷனும் என் கணவரும் இருந்தார்கள். மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா, இந்தப் படத்தில் கலர்தான் நான் போட்டது, சங்கு முழுக்க மன்னி வரைந்தது என்றாள். மாமனார் நம்புவதற்காக, சொல்லும் நாளுக்கென்று கைப்பையிலேயே வைத்திருந்த என் பென்சில் படத்தையும் எடுத்து மேஜைமேல் விரித்தாள். கவிழ்ந்துபோனது தன்னால்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பென்சில் படத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த மூன்று மாசத்தில் ஒரு நாள்கூடக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் அப்படித்தான் பார்ப்பார். நான் வாசற்படியில் நின்றேன், இந்தத் தடவை கையில் கரண்டி இல்லை.

"அப்பவே எனக்குப் பட்டுது," என்றார். "சங்கு தப்பாத் திரும்பியிருக்கு."

ஓரகத்தி பதறிப்போய், அது என்னோட தப்புப்பா என்றாள். அவள் எனக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறாள் என்று நினைத்து அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பூக்காரியிடம் எப்போதும்போல அளந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, இனிமேல் ஒரு முழம் குறைச்சே வாங்கு என்று மாமனார் குரல் கொடுத்தார்.